50,000 ரூபாய், ஒரு கல்வியாண்டு: பிள்ளைகளுக்கு அறிவியல், மருத்துவ ஆசை வர எதில் செலவழிக்கலாம்?

ஊர் அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று முன்னாள் மாணவர்கள் ஒன்று சேர்ந்தால், சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "நம்ம பிள்ளைங்க டாக்டர் ஆகணும், சயின்டிஸ்ட் ஆகணும்னு நினைக்கிற மாதிரி ஏதாவது பண்ணக் கூடாதா?" நல்ல கேள்விதான். குழப்பம் அதற்குப் பிறகு. ஒருவர் இஸ்ரோவிலிருந்து ஆளைக் கூட்டி வரலாம் என்பார், ஒருவர் பஸ் பிடித்துக் கோளரங்கத்துக்குப் போகலாம் என்பார், வெளிநாட்டில் இருப்பவர் டெலஸ்கோப் வாங்கித் தருகிறேன் என்பார், பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்திருப்பவர் ஆறாம் வகுப்பிலேயே நீட் தேர்வுக்கான ஃபவுண்டேஷன் கோச்சிங் போட்டால்தான் உண்டு என்று அடித்துச் சொல்வார். கடைசியில் எது சுலபமோ அது நடக்கும். பெரும்பாலும் அது ஒரு விழாவாக இருக்கும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். தமிழ்வழி அரசு நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 வகுப்புகளில் சேர்த்து நூறு பிள்ளைகள் போல. ஒரே ஒரு அறிவியல் ஆசிரியர், கணக்கும் அவரே எடுப்பார், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். உங்கள் குழுவின் கையில் 50,000 ரூபாய். நடுவில் நன்கொடை வேறு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் என்ன குரூப் எடுப்பது என்று பார்க்கலாம் என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது கொஞ்சம் தாமதம். 2006-இல் ராபர்ட் டாய் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று 1988-இல் கேட்டுவிட்டு, பின்னாளில் அவர்கள் வாங்கிய பட்டத்தைப் பார்த்தார்கள். அறிவியல் வேலை என்று சொன்ன பிள்ளைகள் உயிர் அறிவியலில் பட்டம் வாங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.9 மடங்கு, இயற்பியல், பொறியியல் பக்கம் 3.4 மடங்கு. கணக்கில் சுமாராக இருந்து ஆசை இருந்த பிள்ளை, கணக்கில் கெட்டியாக இருந்து ஆசை இல்லாத பிள்ளையை இயற்பியல், பொறியியலில் முந்தியிருக்கிறது. அமெரிக்கக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் 13 வயதுக்கு முன்னால் நடப்பதற்கு மதிப்பு உண்டு என்பதற்கு இது போதும்.

சரி, பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிக்கவில்லையா? அதுதான் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடந்த ஆஸ்பயர்ஸ் ஆய்வில், அறிவியல் வகுப்பு பிடிக்கும் என்றவர்கள்தான் அதிகம். அறிவியலாளர் ஆக விருப்பம் என்றவர்களோ ஏறத்தாழ 15 சதவீதம். வீட்டில், சொந்தத்தில், தெருவில் அந்த வேலை பார்க்கிற ஒருவர்கூட இல்லாதபோது, பிடிப்பது வேறு, "நான் ஆவேன்" என்பது வேறு என்று ஆகிவிடுகிறது.

நம் ஊரில் இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது, குழுக்கள் அதைக் கவனிப்பதில்லை. ஆறாம் வகுப்பில் போய் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் பாதி வகுப்பு 'டாக்டர்' என்று சொல்லும். மீதி பாதி 'போலீஸ்', 'கலெக்டர்', 'டீச்சர்'. 'ஆராய்ச்சி' என்று சொல்கிற பிள்ளை அபூர்வம். அதாவது அறிவியலில் ஆசையே முளைக்கவில்லை. மருத்துவத்தில் ஆசைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது ஒரே ஒரு சொல்லாக நிற்கிறது. மருத்துவமனைக்குள் ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், செவிலியர், இயன்முறை மருத்துவர், கண் பரிசோதிப்பவர் என்று இத்தனை வேலைகள் இருப்பது தெரியாமல், நீட்டில் மதிப்பெண் வரவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டம் அறிவியலுக்கு ஆசையை உண்டாக்க வேண்டும், மருத்துவத்துக்கு ஆசையை அகலமாக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை.

இப்போது ஒவ்வொன்றாக. நான் பார்ப்பது இவ்வளவுதான்: பிள்ளையின் கை ஏதாவது செய்கிறதா, வந்தவர் மறுபடி வருவாரா, "இவங்களும் நம்மள மாதிரிதான்" என்று பிள்ளைக்குத் தோன்றுமா.

முதலில் பெரிய ஆளைக் கூட்டி வந்து பேச வைப்பது. செலவு குறைவு மாதிரி தெரியும், ஆனால் பந்தல், மைக், சால்வை, நினைவுப் பரிசு, ஃபிளக்ஸ், சாப்பாடு என்று 15,000 ரூபாய் போன இடம் தெரியாது. பிள்ளைகள் வெயிலில் தரையில், பெரியவர்கள் நிழலில் நாற்காலியில். பேச்சாளர் அப்துல் கலாமைச் சொல்லி, கனவு காணுங்கள் என்று முடிப்பார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கலாம் தனக்கு ஆசை வந்த இடமாகத் தானே சொன்னது எந்த மேடைப் பேச்சையும் இல்லை. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதைப் பலகையில் வரைந்து விளக்கினார், பிள்ளைகளுக்குப் புரியவில்லை, சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நிஜப் பறவையைக் காட்டினார். அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் விழா எடுக்கிற நாம் கடற்கரையை விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டோம்.

ஆனாலும் ஆள் வருவது வீண் என்று சொல்லமாட்டேன். யார் வருகிறார், எப்படி வருகிறார் என்பதுதான் பிரச்சினை. ஒரு வகுப்பறை, முப்பது பிள்ளைகள், நாற்காலி போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் போதும். அவரும் உச்சியில் இருப்பவராக வேண்டாம். உங்கள் பள்ளியிலேயே படித்து இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா வந்து, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தார், வீட்டில் யார் எதிர்த்தார்கள், முதல் முறை எந்தப் பாடத்தில் போனது, விடுதிக் கட்டணத்தை யார் கட்டினார்கள், இப்போது சம்பளம் எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னால், அது ஒரு பத்மஸ்ரீயின் பேச்சைவிட வேலை செய்யும். பெரிய பெயர்களைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அவர்கள் வந்த வழியைச் சொல்லுங்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பள்ளி முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டுத்தான் பொறியியலுக்குப் போனார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. பாலிடெக்னிக் வழியாகவும் நிலாவுக்குப் போகலாம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்மையிலேயே புதுச் செய்தி.

மருத்துவம் பக்கம் ஆள் தேடி அலையவே வேண்டாம், ஏற்கெனவே வருகிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எல்லாரும் சேர்ந்து, அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. நாம் செய்வது என்ன? வரிசையில் நிற்க வைத்து, நாக்கை நீட்டு, அடுத்த ஆள். அந்த மருத்துவரிடம் தலைமை ஆசிரியர் முன்கூட்டியே பேசி, வேலை முடிந்ததும் இருபது நிமிடம் ஏழாம் வகுப்போடு உட்காரச் சொல்லலாமே. எதற்காகக் கண்ணை இழுத்துப் பார்த்தீர்கள், நகத்தில் என்ன தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்கட்டும். அதே மாதிரி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பாட்டிக்கு பிரஷரும் சுகரும் பார்க்கிற அக்காவைப் பிள்ளைகள் தினமும் தெருவில் பார்க்கிறார்கள். அவரை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். சுகர் பார்க்கும் அந்தப் பட்டையில் ஒரு நொதி இருக்கிறது, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் அதோடு வினை புரியும்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது, கருவி அதை அளந்துதான் எண்ணைக் காட்டுகிறது என்று அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று சொன்னால், வேதியியல், உயிரியல், மின்சாரம் மூன்றும் பாட்டியின் விரல் நுனியில் வந்து நிற்கும். இதற்குச் செலவு ஒரு டீ.

அடுத்தது சுற்றுலா. பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை, எதை மறக்க மாட்டார்கள் என்பதில்தான் சந்தேகம். பஸ்ஸில் போட்ட பாட்டும் வழியில் தின்ற ஐஸ்கிரீமும் நினைவிருக்கும். போகிற இடத்தைப் பொறுத்து இது மாறும். சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் தொடங்கிய பிர்லா கோளரங்கமும் அறிவியல் மையமும், திருச்சியில் 1999-இல் வந்த அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், திருநெல்வேலியில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம், கோவையில் 2013-இல் திறந்த மண்டல அறிவியல் மையம் என்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒன்று பக்கத்தில் கிடைக்கும். கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள், பராமரிப்புக்காக மூடியிருப்பது சகஜம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது, வட மாவட்டங்களுக்கு அது அருமையான இடம், ஆனால் இரவு வானம் பார்ப்பது என்றால் மழைக்காலத்தில் போய்ப் பிரயோசனமில்லை, பிள்ளைகளை ராத்திரி கூட்டிப்போவதற்கு எல்லா வீட்டிலும் சம்மதம் கிடைக்காது.

என்னைக் கேட்டால் கோளரங்கத்துக்கு நிகராக நான் சிபாரிசு செய்வது ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் அருங்காட்சியகமும், பக்கத்து வேளாண் அல்லது கால்நடை ஆராய்ச்சி நிலையமும்தான். டீனுக்குத் தலைமை ஆசிரியர் ஒரு கடிதம் எழுத வேண்டும், பதில் வர நாளாகும், எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லவும் கூடும். கிடைத்தால் விடாதீர்கள். கோளரங்கத்தில் பிள்ளை திரையைப் பார்க்கிறது, இங்கே வேலை செய்கிற மனிதரைப் பார்க்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம்.

கருவி வாங்குவது. இதில்தான் நன்கொடையாளர்களுக்கு அதிக ஆர்வம், ஏனென்றால் பெயர் பொறிக்கலாம். டெலஸ்கோப்பையே எடுங்கள். 15,000 முதல் 20,000 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கும். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலாக்கள், சனியின் வளையம் எல்லாம் தெரியும், முதல் முறை சனியைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எந்தப் பணத்துக்கும் ஈடாகாது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பள்ளி நாலு மணிக்கு முடிகிறது, நட்சத்திரம் ஏழு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் பள்ளியைத் திறந்து வைப்பவர் யார்? பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? தாங்கியில் ஒரு திருகாணி தொலைந்தால் மாற்று எங்கே? பதில் இல்லையென்றால் இரண்டாவது மாதம் அது தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் போய்விடும், உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் சாவியும் கிடைக்காது. ரோபோ செட்டுகளும் இதே கதைதான், பேட்டரி தீர்ந்த அன்றோடு சரி.

அதே காசில் பாதிக்கும் குறைவாக, பிள்ளைகள் கைக்குப் பயமில்லாமல் கொடுக்கக்கூடியவை நிறைய உண்டு. மீரட்டில் பிறந்து ஸ்டான்போர்டில் வேலை பார்க்கும் மனு பிரகாஷும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி, சில நூறு ரூபாய், ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாகக் காட்டும். குளத்துத் தண்ணீரில் ஓடும் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரி, செம்பருத்தி மகரந்தம், வெங்காயத் தோலின் செல்கள் எல்லாம் தெரியும், செல்போனை ஒட்டிப் படமும் எடுக்கலாம். ஐந்து பேருக்கு ஒன்று வீதம் வாங்கினால் கிழிந்தாலும் கவலையில்லை. இரண்டு சாதாரண ஸ்டெதஸ்கோப், சில லென்ஸ், கண்ணாடித் துண்டுகள், ஒரு நல்ல வெப்பமானி. 1816-இல் பாரிசில் லேனெக் என்ற மருத்துவர் நோயாளியின் மார்பில் நேராகக் காது வைக்கச் சங்கடப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம், எனவே முதல் நாள் பிள்ளைகளும் நோட்டுத்தாளைச் சுருட்டிப் பக்கத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்கட்டும், அப்புறம் நிஜக் கருவியைக் கொடுங்கள். பிள்ளைகள் அலறுவார்கள்.

கோச்சிங் பற்றிச் சுருக்கமாக. ஆறாம் வகுப்பில் நீட் ஃபவுண்டேஷன் வேண்டாம். இருக்கிற ஆர்வத்தையும் நாலு விடையில் ஒன்றை டிக் அடிப்பதாகச் சுருக்கிவிடும், 50,000 ரூபாயில் நூறு பேருக்கு அது முடியவும் முடியாது, முடிகிற பத்து பேரைத் தேர்ந்தெடுத்தால் மீதி தொண்ணூறு பேருக்கு "நீ இல்லை" என்று இப்போதே சொன்ன மாதிரி ஆகும். ஆனால் தேர்வு என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணை மில் வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்க அந்த மாதம் 1,000 ரூபாய் பல வீடுகளில் காரணமாக இருக்கிறது. இதற்கான பயிற்சிப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்குவது நியாயம்.

பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, பொதுவாக 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கடன் வாங்கி எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிற அப்பாவுக்கு இது தெரிந்திருப்பதில்லை. தெரிந்தால் யோசிப்பார். பிள்ளையின் டாக்டர் ஆசைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி இந்த ஒரு தகவலாகக்கூட இருக்கலாம்.

அறிவியல் கண்காட்சி? தெர்மாகோல் எரிமலை, சோடா உப்பில் நுரை, அப்பா செய்தது, அல்லது கடையில் வாங்கியது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் அன்று புகைப்படம் நன்றாக வரும். தனியாக அதற்குச் செலவு செய்யாதீர்கள், பிள்ளைகள் ஆண்டு முழுக்க ஏதாவது செய்திருந்தால் காட்ட அவர்களிடமே நிறைய இருக்கும்.

மிஞ்சுவது வாரம் ஒரு முறை கூடும் அறிவியல் மன்றம். பார்க்க எடுப்பாக இருக்காது, திறப்பு விழா வைக்க முடியாது. இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான், காசில் பெரும்பங்கும் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இல்லங்கள் என்று ஊர் ஊராக இதைச் செய்திருக்கிறது, 1987 முதல் வரும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் அதற்கென்றே வந்ததுபோல இருக்கும். அரசும் 2022 நவம்பரில் 6 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்காக வானவில் மன்றத்தை ஆரம்பித்து, கருவிப் பெட்டியோடு கருத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. நல்ல திட்டம், ஆனால் ஒரு கருத்தாளருக்குப் பல பள்ளிகள், வாராவாரம் அவரால் வர முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் உங்கள் குழுவின் வேலை. அவரோடு போட்டி போடாதீர்கள், அவர் செய்து காட்டிவிட்டுப் போன சோதனையை அடுத்த வாரம் பிள்ளைகளே திரும்பச் செய்யட்டும்.

ஊரில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்துவிட்டு டி.ஆர்.பி. எனப்படும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண் யாராவது கண்டிப்பாக இருப்பார். வாரம் ஒரு நாள் கடைசி இரண்டு பாடவேளை, ஒரு தடவைக்கு 500 ரூபாய். தலைமை ஆசிரியரின் அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் இரண்டும் முதலில். பெண்ணாக இருந்தால் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகளை அறிவியலாளர் ஒருவரை வரையச் சொன்னார், பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர், அந்த 28 பேரும் பெண் பிள்ளைகள். காலம் மாறி இருக்கிறது, பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அமெரிக்காவில் எண்ணிக்கை நன்றாகவே கூடியிருக்கிறது. உங்கள் பள்ளியில் எப்படி என்று நீங்களே ஜூனில் ஒரு தாள் கொடுத்து வரையச் சொல்லிப் பாருங்கள். பேரைக் கேட்காமல் வாங்கி வையுங்கள், மார்ச்சில் மறுபடி வரையச் சொல்லுங்கள். திட்டம் வேலை செய்ததா என்று நன்கொடையாளர் கேட்டால், மதிப்பெண் பட்டியலைவிட இது நேர்மையான பதில்.

மன்றத்தில் என்ன செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆகஸ்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள், மாத்திரை கொடுப்பார்கள். அந்த வாரம் புழு எப்படி உடலுக்குள் போகிறது, வெறுங்காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். சென்னையில் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. மதுரைப் பக்கம் அதிலிருந்து ஒன்பது பத்து நாள் தள்ளி, கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் நிழலை அளந்து நோட்டில் எழுதினால், மேகம் மறைத்துக் கெடுத்தாலும் பிள்ளைகள் எந்த நாள் என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். ஆகஸ்ட் 20 கொசு நாள், 1897-இல் அதே தேதியில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். பிள்ளைகள் தெருவில் தேங்கிய தண்ணீரிலிருந்து கொசுப் புழுவைப் பாட்டிலில் பிடித்து வரட்டும் (வாயை வலைத்துணியால் கட்டி, கொசு ஆவதற்கு முன் கொட்டி அழிக்க வேண்டும், இதில் விளையாட்டு கூடாது). தண்ணீர் மட்டத்துக்கு இணையாகக் கிடக்கும் புழு மலேரியா கொசு வகை, தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது டெங்கு கொசுவாகவோ வீட்டுக் கொசுவாகவோ இருக்கலாம். எந்தத் தெருவில் எது, எத்தனை வீட்டுத் தொட்டியில் என்று வரைபடம் போட்டால் அது விளையாட்டு இல்லை, சுகாதார ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்கு உண்மையான வேலை. பன்னிரண்டு வயதில் தான் கண்டுபிடித்ததைப் பெரியவர் ஒருவர் வாங்கிப் படித்து நடவடிக்கை எடுத்தால், அந்தப் பிள்ளையிடம் கனவு காணச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இப்படி ஒன்றிரண்டு முளைத்தால் அதை பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்பலாம், பள்ளி வழியாக இணையத்தில் யோசனையைப் பதிவு செய்ய வேண்டும், தேர்வானால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். பதிவு செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும், அதனால்தான் மன்றம் ஜூனிலேயே தொடங்க வேண்டும் என்கிறேன்.

மன்றத்துக்கும் குறை உண்டு. எல்லாமே அந்த ஒரு பெண்ணை நம்பி இருக்கிறது, அவருக்கு வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ நின்றுவிடும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரைப் பழக்குங்கள். காலாண்டுத் தேர்வு, அரையாண்டு, மழை விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை என்று வாரங்கள் பறிபோகும், அறிவியல் ஆசிரியருக்கு இது தன் வேலையில் தலையிடுவது மாதிரி தோன்றினால் அன்றோடு முடிந்தது, அவரைத்தான் மன்றத்தின் பொறுப்பாளராகப் போட வேண்டும். மாதம் மூன்று வாரம் நடந்தாலே வெற்றிதான்.

காசைப் பிரித்தால் இப்படி வரும். வழிநடத்துபவருக்கு 32 வாரத்துக்கு 16,000. நுண்ணோக்கி, ஸ்டெதஸ்கோப், லென்ஸ் வகைக்கு 9,000. துளிர் சந்தா, தமிழில் கிடைக்கும் அறிவியல் புத்தகங்கள் 2,000. ஒரு பஸ் பயணம், ஏழாம் வகுப்புக்கு மட்டும், 15,000; எல்லாப் பிள்ளையும் ஏழாவதைத் தாண்டித்தானே போக வேண்டும், எனவே வருடா வருடம் நடந்தால் யாரும் விடுபட மாட்டார்கள், இரண்டு பஸ் பிடிக்கவும் வேண்டாம். மீதி 8,000 என்.எம்.எம்.எஸ் புத்தகத்துக்கும், தீப்பெட்டி, பலூன், பேட்டரி, பசை மாதிரி தீர்ந்துபோகும் சாமான்களுக்கும். ஆய்வக அக்கா, செவிலியர், பாட்டிக்கு பிரஷர் பார்ப்பவர் எல்லாரும் வருவதற்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கேட்டுக் கொடுங்கள், பலர் வாங்க மாட்டார்கள்.

கையில் 10,000தான் இருக்கிறது என்றால் பஸ்ஸையும் புத்தகங்களையும் வெட்டுங்கள், கருவி, சாமான்களை 2,000 ரூபாய்க்குள் அடக்குங்கள், வழிநடத்துபவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள், மன்றத்தை மட்டும் வெட்டாதீர்கள். 2 லட்சம் இருக்கிறது என்றால் அதே திட்டத்தை நாலு வருடத்துக்கு ஓட்டுங்கள், ஒரே வருடத்தில் கொட்ட வேண்டாம். பள்ளி டவுனுக்குள் இருந்து, பெற்றோரில் சிலர் ஏற்கெனவே செவிலியர், ஆய்வக உதவியாளர் என்று இருந்தால், ஆள் வரும் பகுதியைக் குறைத்துக்கொண்டு பயணத்தைக் கூட்டலாம், அந்தப் பிள்ளைகளுக்கு மனிதர்களைத் தெரியும், இடங்களைத்தான் தெரியாது.

நடுநிலைப் பள்ளி என்பதால் இன்னொரு சிக்கல் பாக்கி. எட்டு முடித்ததும் பிள்ளைகள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் சிதறுவார்கள், அங்கே மன்றம் இருக்குமா என்று சொல்ல முடியாது. மே மாதத்திலேயே அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரைப் பார்த்து, எந்தெந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் நோட்டுகளையும் சேர்த்து. ஒன்பதாம் வகுப்பு முதல் நாளில் பெயரைச் சொல்லி அழைத்து, அந்தக் கொசு வரைபடம் போட்டது நீதானா என்று அவர் கேட்டால் போதும்.